எங்களைத் தியாகிகள் ஆக்காதீர்கள்

இறுதிக்கால நோயாளிகளைப் பராமரிக்கிற ஹாஸ்பிஸ்களையும், வலியையும் வேதனையையும் தணிக்கிற நோய்த்தணிப்பு மையங்களையும் நடத்துகிற நிர்வாகிகளுக்கும், அங்கே தன்னார்வலர்களைச் சேர்த்துப் பயிற்சி தருகிற ஒருங்கிணைப்பாளர்களுக்கும் ஒரு திறந்த மடல்.

வணக்கம்.

உங்கள் நோயாளிகளின் பக்கத்தில் உட்கார்ந்து துணையிருக்கிற தன்னார்வலர்களில் நானும் ஒருவன். ஆள் சேர்ப்பதற்காக நீங்கள் அச்சடிக்கிற துண்டறிக்கைகளைப் பற்றித்தான் எழுதுகிறேன். 'தன்னலமற்ற சேவை', 'கருணை உள்ளங்களே வாருங்கள்', 'தியாகம் செய்ய நீங்கள் தயாரா?' என்று போட்டிருப்பீர்கள். கீழே தவறாமல் ஒரு படம்: சுருக்கம் விழுந்த கையை ஓர் இளங்கை பற்றியிருக்கும். ஆண்டு விழா மேடையிலும் இதே பாட்டுதான். எங்களை வரிசையாக நிற்க வைத்துப் பாராட்டுப் பத்திரம் கொடுத்து, "இவர்கள் எதையும் எதிர்பார்க்காதவர்கள்" என்கிறீர்கள். அந்த இடத்தில் நிற்கிறபோது எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரிவதில்லை. ஏனென்றால் அது உண்மை இல்லை. எதிர்பார்த்துத்தான் வருகிறோம். எதிர்பார்த்தது கிடைக்காமல் போவதும் உண்டு, எதிர்பாராதது கிடைப்பதும் உண்டு. ஒருவர் வருடக்கணக்கில், வாரம் தவறாமல், சம்பளமில்லாத ஓர் இடத்துக்கு வந்துகொண்டே இருக்கிறார் என்றால் அவருக்கு அங்கே ஏதோ கிடைக்கிறது என்றுதானே அர்த்தம்? அதை வெளியில் சொல்ல ஏன் தயங்குகிறீர்கள்?

இது வெறும் விளம்பர வாசகத் தகராறு இல்லை. தியாகம் என்று பேச ஆரம்பித்தவுடனே கட்டிலில் இருப்பவர் வாங்குகிறவர் ஆகிவிடுகிறார். ஏற்கெனவே அவர் மற்றவர்கள் கையால் குளித்து, மற்றவர்கள் கையால் உடுத்தி, கழிப்பறைக்குக்கூட யாரையாவது கூப்பிட வேண்டிய நிலையில் இருக்கிறார். இனி எதையும் திருப்பிக் கொடுக்க முடியாது என்ற எண்ணம் பல நோயாளிகளை வலிக்கு அடுத்தபடியாக வாட்டுவதை நீங்களே பார்த்திருப்பீர்கள். அந்த அறைக்குள் இன்னொரு கொடையாளியை அனுப்பிவைத்தால் அவர் பாரம் கூடுமா, குறையுமா?

இன்னொரு கேடும் உண்டு. நல்ல துணையாக இருக்கக்கூடிய பலர், "எனக்கு அவ்வளவு பெரிய மனசெல்லாம் இல்லைங்க" என்று அந்தத் துண்டறிக்கையை மடித்து வைத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். தனக்குப் பெரிய மனசு இருப்பதாக நம்புகிறவர்கள் மட்டும் உள்ளே வருகிறார்கள். அவர்களில் சிலரோடு ஒரு மணி நேரம் ஒரே அறையில் இருப்பது நோயாளிக்கு எவ்வளவு கஷ்டம் என்று உங்கள் செவிலியர்களைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டுப் பாருங்கள்.

உங்கள் துறையின் தொடக்கத்திலேயே ஒரு தன்னார்வலர் இருக்கிறார். நவீன ஹாஸ்பிஸ் இயக்கத்தைத் தொடங்கிவைத்த சிசிலி சாண்டர்ஸ்தான் அவர். 1948இல் அவர் டாக்டர் இல்லை. நர்ஸ் பயிற்சி முடித்து, முதுகு வலியால் அந்த வேலையைத் தொடர முடியாமல், மருத்துவமனைச் சமூகப் பணியாளராக மாறியிருந்தவர். லண்டனில் புற்றுநோயால் இறந்துகொண்டிருந்த டேவிட் டாஸ்மா என்ற போலந்து யூத அகதியைப் போய்ப் பார்த்துப் பேசிக்கொண்டிருப்பார். அந்த ஊரில் உறவென்று யாருமில்லாத அந்த மனிதர், தன்னிடம் இருந்த 500 பவுண்டை அவருக்கு எழுதிவைத்தார். 'பின்னால் நீங்கள் எழுப்பப் போகும் இல்லத்தில் நான் ஒரு ஜன்னலாக இருப்பேன்' என்ற பொருள்பட ஒரு வார்த்தையும் சொல்லிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு சாண்டர்ஸ் இறக்கும் நிலையில் இருப்பவர்களுக்கான செயின்ட் லூக்ஸ் என்ற இல்லத்துக்கு மாலை நேரங்களில் சம்பளமில்லாமல் வேலை செய்யப் போனார். வலி வந்து துடித்துக் கேட்ட பிறகு மருந்து கொடுப்பது அங்கே வழக்கமில்லை. வலி திரும்புவதற்கு முன்பே, மணிக் கணக்கு வைத்துக் கொடுத்துவிடுவார்கள். அதை அவர் பக்கத்திலிருந்து பார்த்தார். பிறகு மருத்துவம் படித்து, 1967இல் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் ஹாஸ்பிஸைத் திறந்தபோது அவர் கையில் இருந்த பெரிய முதல்களில் அதுவும் ஒன்று. இன்று உங்கள் வார்டில் நேரம் பார்த்துக் கொடுக்கிற மார்ஃபினுக்குப் பின்னால், சம்பளமில்லாமல் வந்த ஒருவர் கண்ணால் கண்டு எடுத்துக்கொண்டு போன பாடம் இருக்கிறது. டாஸ்மாவுக்கு அவர் கொடுத்தது அதிகமா, டாஸ்மாவிடம் வாங்கிக்கொண்டது அதிகமா? எனக்கென்னவோ வாங்கியதுதான் அதிகம் என்று தோன்றுகிறது.

சரி, எங்களுக்கு என்னதான் கிடைக்கிறது?

முதலில், வேறெங்கும் கிடைக்காத ஓர் இடம். அந்த அறைக்கு வருகிற எல்லோருக்கும் ஒரு வேலை இருக்கிறது. டாக்டர் வயிற்றை அழுத்திப் பார்க்க வருகிறார். நர்ஸ் ஊசிக்கும் புண் துடைக்கவும் வருகிறார். மகள் வருவது நம்பிக்கை தேடி, அல்லது மன்னிப்புத் தேடி. மகனுக்குக் கையெழுத்து வேண்டும். ஒன்றும் செய்ய வராதவர் நாங்கள் மட்டும்தான். ரயிலில் எதிர் இருக்கைக்காரரிடம் வீட்டுக் கதை முழுவதையும் கொட்டுவோம் அல்லவா, அந்தச் சலுகைதான் எங்களுக்கும் கிடைக்கிறது. பெற்ற பிள்ளையிடம் 'பயமாக இருக்கிறது' என்று சொல்ல முடியாதவர், நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் முன்பின் தெரியாத ஆளிடம் சொல்லிவிடுவார். சொல்லிவிட்டு, "ஃபேனைக் கொஞ்சம் குறையுங்கள்" என்பார். அவ்வளவுதான் சம்பவம். பதிலுக்கு நான் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டேன். எழுந்து ஃபேனைக் குறைத்திருப்பேன்.

இந்த இடத்தில் உட்காரப் பழகுவதற்கே நாளாகிறது. வாய் சும்மா இருக்காது. தைரியம் சொல்ல வரும், தத்துவம் சொல்ல வரும், நமக்குத் தெரிந்த இன்னொரு நோயாளி எப்படிப் பிழைத்தார் என்ற கதை வரும். ஒவ்வொன்றாக விழுங்கப் பழக வேண்டும். இப்படி விழுங்கப் பழகிய வாய் வீட்டுக்கும் கூடவே வருகிறது. மனைவி பேசும்போது குறுக்கே பாய்ந்து தீர்வு சொல்கிற என் வழக்கம் குறைந்துவிட்டது என்பது அவர் தரப்புச் சாட்சியம். (முழுவதும் போய்விட்டது என்று அவர் சொல்லவில்லை.) பணம் கட்டிச் சேர்கிற எந்த வகுப்பும் எனக்கு இதைக் கற்றுத் தந்திருக்காது.

சாகப் போகிறவர்கள் சாவைப் பற்றித்தான் பேசுவார்கள் என்று புதிதாக வருகிறவர்கள் நினைத்துக்கொண்டு வருகிறார்கள். பெரும்பாலும் அப்படி இல்லை. பழைய மேலதிகாரியைத் திட்டுவார்கள். பக்கத்து அறைக்காரரின் குறட்டையைப் பற்றிப் புகார் சொல்வார்கள். ஓய்வு பெற்ற கணக்கு ஆசிரியை ஒருவர், செய்தித்தாளில் வானிலைப் பகுதியை மட்டும் வாசித்துக் காட்டச் சொல்வார். மற்றச் செய்தியெல்லாம் எப்படி முடியும் என்று தெரிந்துகொள்ளத் தனக்கு நேரமிருக்காது, நாளைக்கு மழையா இல்லையா என்பது மட்டும் சரிபார்த்துவிடலாம் என்பது அவர் கணக்கு. மறுவாரம் போனால் முன்னறிவிப்பு எத்தனை நாள் பொய்த்தது என்று சதவீதத்தில் சொல்வார்.

இன்னொருவர் தையல்காரர். குரல் போய்விட்டது, சைகைதான். பக்கத்தில் உட்கார்ந்த என் சட்டைக் கையை இழுத்து, தொங்கிக்கொண்டிருந்த பொத்தானைக் காட்டி முகத்தைச் சுளித்தார். ஊசியும் நூலும் வேண்டும் என்று விரலால் காற்றில் தைத்துக் காட்டினார். நர்ஸ் தயங்கினார், நடுங்குகிற கையில் ஊசியா? கடைசியில் எங்கிருந்தோ தேடிக் கொடுத்தார்கள். ஊசியில் நூல் கோத்தது மட்டும்தான் நான். மற்றதெல்லாம் அவர். பொத்தானைத் துணியோடு ஒட்டித் தைக்கவில்லை. கொஞ்சம் தளர விட்டுத் தைத்து, பொத்தானுக்கும் துணிக்கும் நடுவில் நூலைச் சுற்றிச் சுற்றி ஒரு சின்னக் கழுத்து வைத்தார். அப்படி வைத்தால்தான் காஜாவில் மாட்டும்போது துணி சுருங்காது என்பதை, அதை மாட்டியும் கழற்றியும் எனக்குப் புரிகிற வரை காட்டினார். நடுவில் இரண்டு முறை கண்ணை மூடி ஓய்வெடுத்தார். முடித்ததும் நூலைப் பல்லால் கடிக்கப் போய், பல்செட் கழற்றி வைத்திருப்பது ஞாபகம் வந்து, சத்தமில்லாமல் சிரித்தார்.

தன்னார்வலர் நோயாளியிடமிருந்து எந்தப் பொருளும் பெறக் கூடாது என்பது உங்கள் விதி. நல்ல விதி. பணமும் நகையும் கைமாறினால் என்ன ஆகும் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் ஒரு பொத்தான் தைத்துக் கொடுப்பதை எந்தப் பிரிவில் சேர்ப்பீர்கள்? அன்று அவர் எனக்கு ஒரு வேலை செய்து கொடுத்தார், நான் ஏற்றுக்கொண்டேன். உங்கள் துண்டறிக்கையின்படி பார்த்தால் அன்று சேவை செய்தது அவர்தான்.

நோயாளிக்குக் கொடுக்க ஏதோ இருக்கிறது என்பதை மருத்துவமும் முறைப்படி எடுத்துக்கொண்டிருக்கிறது. கனடாவைச் சேர்ந்த மனநல மருத்துவர் ஹார்வி சோச்சினோவ் வகுத்த 'டிக்னிட்டி தெரபி' உங்களுக்குத் தெரிந்திருக்கும். வாழ்க்கையில் எதை முக்கியமாக நினைக்கிறீர்கள், வீட்டாருக்கு என்ன சொல்லிவிட்டுப் போக வேண்டும் என்பது போன்ற கேள்விகளைக் கேட்டு, பேச்சைப் பதிவு செய்து, எழுத்தாக்கித் திருத்தி, நோயாளியிடமே கொடுப்பார்கள். அவர் விரும்பியவர்களுக்கு அதைத் தரலாம். இதன் ஆய்வு முடிவுகள் 2005இல் வெளியாயின. அதற்கெல்லாம் பயிற்சி பெற்றவர்கள் வேண்டும். ஆனால் ஒருவர் தன் தொழில் நுணுக்கத்தையோ, ஒரு கணக்குப் புதிரையோ, சீட்டாட்ட உத்தியையோ கற்றுக்கொடுக்க எதிரில் ஒரு மாணவர் இருந்தால் போதும். அந்த மாணவராக உட்காரத் தெரிந்தவர்களைத் தேடிப் பிடியுங்கள். கற்றுக்கொள்ள ஆசையுள்ளவர் வேண்டும் என்று அறிக்கையில் போட்டால் வேறு மாதிரி ஆட்கள் வருவார்கள்.

அடுத்தது, சாவைப் பக்கத்தில் பார்ப்பது. பயம் போய்விட்டது என்று நான் சொல்ல மாட்டேன். இன்னதென்று தெரியாமல் பயந்துகொண்டிருந்தது போய், தெரிந்து பயப்படுகிறேன். இது பெரிய மாற்றம். கடைசி நாட்களில் உடம்பு என்ன செய்யும் என்பதை நாங்கள் வார்டில்தான் கற்றோம். தூக்கம் கூடிக்கொண்டே போகும். சாப்பாடு வேண்டாம் என்பார்கள். பட்டினி போடுகிறோமே என்று வீட்டார் பதறுவார்கள். உண்மையில் ஓய்ந்துவரும் உடம்பு உணவைக் கேட்பதில்லை, வற்புறுத்தி ஊட்டினால் புரையேறும் ஆபத்துதான் அதிகம். வாய் மட்டும் உலரும். அதற்கு ஈரப் பஞ்சு போதும். கை கால் சில்லிடும், பாதத்தில் திட்டுத் திட்டாக நிறம் மாறும். மூச்சு ஆழமாகி, பிறகு மேலோட்டமாகி, சில விநாடிகள் நின்றே போய், மறுபடி தொடங்கும். முதல் தடவை அந்த இடைவெளியைப் பார்க்கிறவர் தன் மூச்சையும் சேர்த்துப் பிடித்துக்கொள்வார். தொண்டையில் களகளவென்று ஒரு சத்தம் வரும். விழுங்க முடியாமல் தேங்கிய எச்சில்தான் அது. கேட்கிறவர்களை வதைக்கிற அளவுக்கு அது நோயாளியை வதைப்பதில்லை என்பதே மருத்துவர்கள் பொதுவாகச் சொல்வது.

இதெல்லாம் தெரிந்த ஒரே ஒருவர் ஒரு குடும்பத்தில் இருந்தால் போதும், அந்த வீட்டில் நடக்கிற அடுத்த சாவின் தன்மையே மாறிவிடும். நள்ளிரவில் ஆம்புலன்ஸைக் கூப்பிடலாமா வேண்டாமா என்ற கூச்சலுக்கு நடுவில், "இது இப்படித்தான் இருக்கும், பக்கத்தில் வந்து உட்காருங்கள், பேசுங்கள்" என்று சொல்ல ஓர் ஆள் இருப்பார். பேசுங்கள் என்பதற்கும் காரணம் உண்டு. 2020இல் கனடாவில், நினைவிழந்த ஹாஸ்பிஸ் நோயாளிகள் சிலரின் மூளை அலைகளைப் பதிவு செய்து ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். ஒலி மாறும்போது அவர்களில் சிலரின் மூளை, ஆரோக்கியமானவர்களின் மூளையைப் போலவே பதில் காட்டியது. பேச்சின் அர்த்தம் அவர்களுக்குப் புரிந்தது என்று அதை வைத்துச் சொல்லிவிட முடியாது. காது கடைசி வரை வேலை செய்யக்கூடும் என்று நினைத்து நடந்துகொள்ள அது போதும். தன்னார்வலருக்குக் கிடைக்கிற இந்த அறிவு அவரோடு நின்றுவிடுவதில்லை. வீட்டுக்குப் போகிறது, தெருவுக்குப் போகிறது. உங்கள் அறிக்கையில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

வீட்டார் ஓய்வெடுக்கத் துணையிருப்பதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, நீங்களே நன்றாகச் சொல்கிறீர்கள். நாங்கள் கட்டிலருகே இருக்கிற நேரத்தில் ஒரு மனைவி போய்க் குளித்துவிட்டு வருவார், அல்லது அந்த நாற்காலியிலேயே தூங்கிப்போவார். அவர் தூங்குவதைப் பார்த்துக்கொண்டிருப்பதில் எனக்கு ஒரு நிறைவு உண்டு. பெருமைக்குரிய காரியம் எதையும் நான் செய்யவில்லை என்பதால்தான் அந்த நிறைவு.

கிடைக்காத நாட்களையும் மறைக்காதீர்கள். பல நாள் நோயாளி தூங்கிக்கொண்டே இருப்பார். சில நாள் "இன்று வேண்டாம், போங்கள்" என்பார், போய்விட வேண்டியதுதான். அறையில் நாற்றம் இருக்கும். டிவி ஓடிக்கொண்டிருக்கும். குழப்பத்தில் அடிக்க வருவார்கள். கடைசி நேரத்தில் எல்லோரும் சமாதானமாகி விடுவதில்லை. கோபமாகவே போகிறவர்களும் உண்டு, அது அவர்கள் உரிமை. வீடு திரும்பும்போது கையில் ஒன்றும் இருக்காது. நெகிழ்ச்சியான தருணங்களை மட்டும் காட்டி ஆள் சேர்த்தால், வந்தவர் அந்தத் தருணத்துக்காக நோயாளியைக் குடைய ஆரம்பிப்பார். ஞானம் சொல்லுங்கள், வாழ்க்கைப் பாடம் சொல்லுங்கள் என்று முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். நோயாளிக்கு அதைவிட ஆயாசம் வேறில்லை. அண்மையில் வீட்டில் சாவு கண்டவர்களைக் கொஞ்ச காலம் பொறுத்து வரச் சொல்கிறீர்களே, அது சரியான ஏற்பாடு. அதே கண்டிப்பு, உன்னத அனுபவம் தேடி வருகிறவர்களிடமும் வேண்டும்.

சில கோரிக்கைகள் உண்டு. ஒரு நோயாளி இறந்தால் அவரோடு இருந்த தன்னார்வலருக்கு அன்றே ஒரு ஃபோன் செய்யுங்கள். வாரக்கணக்கில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர், அடுத்த முறை வழக்கம்போல் அறைக்குள் நுழைந்து, கட்டிலில் வேறொருவர் படுத்திருப்பதைப் பார்த்துத் தெரிந்துகொள்ளும்படி விடாதீர்கள். எனக்கு அப்படி நடந்திருக்கிறது. அலுவலகத்தில் கேட்டால், "உங்களுக்குச் சொல்லவில்லையா?" என்று என்னையே கேட்டார்கள். நாங்கள் உறவினர் இல்லைதான். ஆனால் துக்கம் கேட்க ஓர் ஆள், மாதம் ஒருமுறை நாங்கள் கூடிப் பேச ஓர் அறை, இதற்கெல்லாம் பெரிய செலவாகாது. நல்ல தன்னார்வலர்கள் பாதியில் நின்றுபோவது பெரும்பாலும் சாவைப் பார்த்துப் பயந்து இல்லை, சாவுக்குப் பிறகு யாரிடமும் பேச முடியாமல் போவதால்தான் என்பது நான் கண்டவரை உண்மை.

ஆளில்லாத நாளில் எங்களைக் கோப்பு அடுக்கவும் நன்கொடை ரசீது எழுதவும் அனுப்புகிறீர்கள். செய்கிறோம், அதுவும் வேலைதான். ஆனால் அதை வழக்கமாக்கிவிடாதீர்கள். அமெரிக்காவில் மெடிகேர் என்ற அரசு மருத்துவக் காப்பீட்டுப் பணம் பெறுகிற ஹாஸ்பிஸ்களில், சம்பள ஊழியர்கள் நோயாளிக்காகச் செலவிடும் நேரத்தில் குறைந்தது 5 சதவீதத்துக்குச் சமமான நேரத்தைத் தன்னார்வலர்கள் தர வேண்டும் என்பது விதி. 1980களில் மெடிகேரில் ஹாஸ்பிஸ் திட்டம் வந்தபோதே தன்னார்வலரையும் அமைப்பின் ஓர் உறுப்பாக எழுதிவைத்தார்கள். கேரளத்தில் இன்னும் ஒரு படி மேலே போய், அக்கம்பக்கத்துக்காரர்களே குழு சேர்ந்து, வீடு வீடாகப் போய்ப் பார்த்து, டாக்டரையும் நர்ஸையும் வேண்டிய இடத்துக்கு அழைத்துச் செல்கிற ஏற்பாட்டை வளர்த்தார்கள். 2008இல் அந்த மாநில அரசு தனிக் கொள்கையே கொண்டுவந்தது. 2001இல் அமெரிக்காவின் யூஜீன் நகர மருத்துவமனையில் சாண்ட்ரா கிளார்க் என்ற நர்ஸ், யாருமில்லாமல் இறப்பவர் பக்கத்தில் முறை வைத்து ஆட்கள் உட்காரும் திட்டத்தைத் தொடங்கினார். முன்பு ஒருமுறை, கூட இருக்கச் சொன்ன ஒரு முதியவரை, மற்ற நோயாளிகளைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று விட்டுப்போய், திரும்பி வருவதற்குள் அவர் இறந்துவிட்டிருந்தார். அந்த வருத்தத்திலிருந்து பிறந்த திட்டம் அது. இந்த மூன்று இடத்திலும் தன்னார்வலரை ஓரமாக வைக்கவில்லை.

தேவையின் அளவு உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆண்டுதோறும் 5.68 கோடிப் பேருக்கு நோய்த்தணிப்புப் பராமரிப்பு தேவைப்படுகிறது, கிடைப்பதோ சுமார் 14 சதவீதத்தினருக்கு என்கிறது உலக சுகாதார நிறுவனம். டாக்டர்களையும் மருந்தையும் கூட்டாமல் இந்த இடைவெளி அடையாது. தன்னார்வலர்களை வைத்து அதை அடைத்துவிடலாம் என்று எந்த அரசாவது கணக்குப் போட்டால் அது ஏமாற்று வேலை. வலிக்கு மருந்து இல்லாத அறையில் எங்கள் துணையால் ஆகப்போவது ஒன்றுமில்லை. மருந்து கிடைத்து வலி அடங்கிய பிறகுதான் மனிதர் பேச ஆரம்பிக்கிறார், எங்கள் வேலையும் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

அடுத்த பயிற்சி வகுப்பில் ஒரு மணி நேரத்தை எங்களில் பழைய ஆட்களிடம் விட்டுக் கொடுங்கள். ஸ்லைடு வேண்டாம், வரவேற்புரை வேண்டாம். புதிதாக வந்தவர்கள் "உங்களுக்கு இதில் என்ன கிடைக்கிறது?" என்று நேராகக் கேட்கட்டும், நாங்கள் நேராகப் பதில் சொல்கிறோம். கேட்டுவிட்டு எழுந்து போகிறவர்கள் போகட்டும். மீதி இருப்பவர்களை முதல் நாள் தனியாக அனுப்பாமல், எங்களில் ஒருவரோடு சேர்த்து அனுப்புங்கள். துண்டறிக்கையின் அடுத்த பதிப்பு அச்சுக்குப் போவதற்கு முன்னால் அதன் வாசகத்தை எழுத ஆள் வேண்டுமானால், சம்பளமில்லாமல் அதையும் செய்து தருகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் தன்னார்வலர்களில் ஒருவன்